வட்டிப் பாடம் படித்த மருமகன்

இல்லை நாச்சியா. வேறு எதையும் சொல், கேட்டுக்கொண்டு இருப்பேன். என் மருமகன் வட்டிக் காசுக்கு ஆசைப்பட்டுப் பெண்சாதியை விட்டுவிட்டுப் போனார் என்று மட்டும் சொல்லாதே. நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னால் நான் இந்தப் பக்கம் நின்று இல்லை என்பேன். கலியாணப் பந்தலில் சொன்னால் பந்தலுக்குள் வந்து இல்லை என்பேன்.

விட்டுப் போனவர் என்றால் தலாக் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னாரா? இன்றைக்கும் என் மகள் நஸீறா அவருடைய பெண்சாதிதான். மாதம் தவறாமல் கொழும்பில் இருந்து செலவுக்கு அனுப்புகிறார். பெருநாளுக்குப் பிள்ளைக்குச் சட்டைத் துணி வருகிறது. வருஷத்தில் ஒரு தடவையாவது கல்முனைக்கு வந்து, கூட்டாளி றஸாக்கின் புடைவைக் கடையில் பின்பக்கத்து அறையில் இருப்பார். நஸீறா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அங்கேயிருந்து எங்கள் ஊர் எவ்வளவு தூரம்? ஒரு வெற்றிலை போட்டுத் துப்ப முதல் வந்துவிடலாம். அவர் வரமாட்டார். ஏன் வரமாட்டார் என்று என்னிடம் கேட்காதே, ஊரிடம் கேள்.

நேற்று நிந்தவூரில் இருந்து என் பேத்தியைப் பெண் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்ற முதல் நாச்சியா வேலியால் தலையை நீட்டிச் சொல்லிவிட்டாள்: "நல்ல பிள்ளதான். ஆனா வட்டி படிச்சவன்ட மகள்." நான் நாச்சியாவோடு சண்டை பிடித்துக் களைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லி முடியாது. அதனால் எல்லாருக்குமாகச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர் எழுதட்டும், நான் சொன்ன மாதிரியே எழுதட்டும், அழகு பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை அறியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கலியாணம் முடித்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் அதைச் சுற்றின வளவும் மகளுக்குச் சீதனம். தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். குடியும் தாய்வழிதான், தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. குடியில் ஒருவர் மேல் வழக்கு வந்தால் எழும்பி அவருக்காகக் கதைப்பது அந்த மரைக்காரின் பொறுப்பு. வழக்குக்குள் மாட்டியவர் தன் வாயால் கதைக்கிறது இல்லை; அது மரியாதைக் குறைவு.

இந்த வழக்கத்தில் ஒரு குறையும் நான் கண்டதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இதைவிடக் காவல் வேறு இல்லை. ஆனால் ஆண்பிள்ளைகளை ஒருவரும் யோசிப்பதில்லை. தாயின் வீடு சகோதரிக்குப் போய்விடும். இருக்கிற வீடு பெண்சாதியுடையது. ஊர் நிறைய வீடு இருந்தாலும் அவனுக்கென்று ஒரு கதவு இல்லை.

நூஹு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது ஐம்பத்து நாலில். பெரிய வெள்ளத்துக்கு முன்பு. தாயின் வீட்டைத் தங்கச்சி றஹீமாவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியில் உடுப்பும் ஒரு பெட்டியில் புத்தகமுமாக வந்தார். உடுப்புப் பெட்டியை ஒருவர் தூக்கினார். புத்தகப் பெட்டியை இரண்டு பேர் தூக்கினார்கள். என் புருஷன் ஆதம்பாவா அதைப் பார்த்துவிட்டு, "கனக்கிற பெட்டியில நகை இரிக்கி எண்டு நினைச்சன்" என்று சொன்னார். என் புருஷனும் ஒரு மரைக்கார்தான். ஆனால் அவருடைய தாயின் குடிக்கு. மருமகனின் குடிக்கு மீராலெவ்வை என்று வேறொருவர் மரைக்கார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் படித்தது லண்டன் சர்வகலாசாலைப் பட்டப் பரீட்சைக்கு. அதற்கு லண்டனுக்குப் போகத் தேவையில்லையாம். வீட்டில் இருந்து படித்துவிட்டுக் கொழும்பில் போய் எழுதலாம். மற்றப் பாடங்களில் அவருக்குப் பயமில்லை. பணம், வங்கி, வட்டி வீதம் என்று ஒரு பாடம். முந்தின முறை அதில் தவறி முழுப் பரீட்சையும் போய்விட்டது. இந்த முறை எழுதாவிட்டால் இனி எழுதுவதில்லை என்று நஸீறாவிடம் சொல்லியிருந்தார். பட்டம் கிடைத்தால் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் கணக்குப் படிப்பதற்கு மட்டக்களப்புக்கு ஓடத் தேவையில்லை. இதுதான் அவருடைய ஆசை. பேங்கில் வேலைக்குப் போகிற ஆசை அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அது ஊர் கட்டிவிட்ட கதை.

அவர் படித்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். நஸீறா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் தெரியாது. அவளுக்குத் தமிழில் சில கேள்விகளைப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார். பணம் என்றால் என்ன? பேங்கு எப்படிக் காசு உண்டாக்குகிறது? வட்டி ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே நினைத்த நேரம் ஒன்றைக் கேட்பாள். எந்தக் கேள்வி எப்போது வரும் என்று அவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் பரீட்சையாம். அவர் முற்றத்தில் மாமரத்தைச் சுற்றி நடந்தபடி இங்கிலீஷில் மறுமொழி சொல்லுவார். நஸீறாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் இடையில் அவர் தட்டுத் தடுமாறினால் அது விளங்கும். "இந்த இடத்துல போன முறையும் நிண்டீங்க" என்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு புத்தகத்துக்கு ஓடுவார்.

முதல் வருஷம் நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவரோடு கதைத்தேன். மாமியார் மருமகன் முன்னால் நிற்பது எங்களுக்குள் வழக்கமில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டேன்.

"மருமகன், பேங்குக்காரன் தனக்கிட்ட இல்லாத காசையும் கடன் குடுப்பான் எண்டு நஸீறா சொல்றாள். அது களவுதானே?"

அவர் சிரித்தார். "மாமி, ஒங்கட பெட்டகத்துக்குள்ள ஊராக்கள்ட நகை இரிக்கி. எல்லாரும் ஒரே நாளையில வந்து கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. ஒராள் கலியாணத்துக்குக் கேப்பா, ஒராள் பெருநாளைக்குக் கேப்பா."

"அப்ப மத்த நாளையில அது சும்மா கிடக்கு. பேங்குக்காரன் சும்மா கிடக்க விடமாட்டான். அதில கொஞ்சத்த இன்னொரு ஆளுக்குக் குடுத்திருவான்."

"அது நம்பி வெச்ச அமானத்து மருமகன்! அமானத்துல கை வெச்சவன்ட கை அழுகிப் போகும்."

"அதான் மாமி, ஒங்களுக்குப் பேங்குல வேல கிடைக்காது."

நஸீறா தேங்காய்ப் பாதியோடு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விடவில்லை.

"அப்ப வட்டி? அது ஹறாம். அதை எதுக்குப் படிக்கிற?"

அவர் நடையை நிறுத்தினார். "மனுசன் கையில வெச்சிரிக்கிற காச லேசில விட மாட்டான் மாமி. விடச் சொல்றத்துக்குக் குடுக்கிற கூலிதான் வட்டி எண்டு ஒரு வெள்ளக்காரன் எழுதி இரிக்கான். பரீட்சையில நான் அவன் சொன்னத்த எழுதுவன். வாழ்க்கையில அல்லாஹ் சொன்னத்தக் கேப்பன். டொக்டர்மாரும் நஞ்சப் பத்திப் படிக்கிறாங்கதானே, குடிக்கிறாங்களா?"

அது எனக்குச் சரியாகப் பட்டது. இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. நான் கேட்டது போல ஊரும் ஒரு தடவை அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். ஊர் வேலியோடு நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டு போனது.

ஐம்பத்தைந்தில், விதைப்புக் காலத்தில், நோன்புக்குக் கொஞ்சம் முதல், அந்தப் பிழை நடந்தது. பிழை என்றுதான் சொல்லுவேன், என் மருமகன் என்பதற்காக மறைக்க மாட்டேன். கிராமத்தில் கடன் எப்படிக் கொடுத்து வாங்குகிறார்கள் என்று பரீட்சையில் ஒரு கேள்வி வருமாம். அதற்காக வயல் றோட்டுத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்து வெள்ளாமைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த நேரம் உதுமாலெவ்வை ஹாஜியார் வந்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு விதை நெல் கொடுப்பவர் அவர். பள்ளிவாசல் முற்றத்துக்குச் சீமெந்து போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஹாஜியார், விதைக்கு ஒரு அவணம் நெல்லு குடுத்தா சூடடிச்ச களத்துல எவ்வளவு எடுப்பீங்க?" என்று மருமகன் கேட்டிருக்கிறார்.

"ஒண்டரை. ஊர் வழக்கம். அதுக்கென்ன?"

"அப்ப நாலு மாசத்துக்கு நூத்துக்கு அம்பது. பேங்குக்காரன் இதக் கேட்டா வெக்கத்துல கதவப் பூட்டிட்டுப் போயிருவான்."

கடை முழுவதும் சிரித்ததாம். ஹாஜியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "வாத்தியார், நான் நெல்லக் குடுத்து நெல்ல வாங்கிறன். நெல்லு முளைக்கும். காசு முளைக்குமா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாடம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டு இருக்கிற மனிதனுக்கு எல்லாக் கேள்வியும் பரீட்சைக் கேள்விதான். மறுமொழி சொல்லாமல் விட முடியாது. "முளைக்கிறது ஆர்ட வயல்ல ஹாஜியார்? ஆர்ட வேர்வையில?" என்று கேட்டுவிட்டார். இரண்டாவது தடவையும் கடை சிரித்தது. விதை நெல் வாங்கியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. அடுத்த போகத்துக்கும் விதை வேணுமே.

நோன்பு பிறந்தது. மருமகன் பள்ளிக்கூடத்தால் வந்து, பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு, நோன்பு திறக்கும்வரைக்கும் மாமரத்தைச் சுற்றினார். தொண்டை காய்ந்து குரல் கம்மிப்போயிருக்கும். நஸீறாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டே அவள் கேள்வி கேட்பாள். அந்தக் குரல்கள் வேலியைத் தாண்டிப் போயின. நாச்சியாவுக்கு இங்கிலீஷ் விளங்காது. வட்டி என்ற ஒரு சொல் விளங்கியது. அது போதும்.

"என்னகா, ஒங்கட மருமகன் நோன்பு பிடிச்ச வாயால வட்டி ஓதுறாராமே?" என்று கிணற்றடியில் என்னைக் கேட்டாள்.

"நீ நோன்பு பிடிச்ச வாயால புறம் கதைக்கிறாய். எது பெரிய பாவம் எண்டு பள்ளியில ஓதிக் குடுக்கிற லெவ்வைக்கிட்டக் கேட்டுட்டு வா" என்றேன்.

ஆனால் எத்தனை வாயை மூட முடியும்? வட்டி ஹலால் என்று படிப்பிக்கிறார் என்றார்கள். மருமகன் பரீட்சை எழுதிவிட்டு வந்து எங்கள் பெரிய வீட்டில் நகையை ஈடு பிடிக்கிற அடைவுக் கடை திறக்கப் போகிறார் என்றார்கள். ஹாஜியார் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் நோன்பு நாளில் வட்டிப் படிப்புப் படிக்கிறார் என்று பள்ளிவாசலில் போய் ஒரு முறைப்பாடு மட்டும் வைத்தார்.

நோன்பு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மரைக்கார்மார் எல்லாரும் பள்ளிவாசலில் கூடினார்கள். நான் அங்கே இல்லை. மருமகன் சொன்னதையும் என் புருஷன் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள், அதில் சண்டை இல்லை.

தலைமை மரைக்கார் முறைப்பாட்டைச் சொல்லிவிட்டு, "நூஹு வாத்தியாருக்கு ஆர் கதைக்கிற?" என்று கேட்டார். எல்லாரும் மீராலெவ்வை மரைக்காரைப் பார்த்தார்கள். மருமகனின் தாயின் குடிக்கு அவர்தானே. மீராலெவ்வையின் வயலுக்கும் ஹாஜியாரின் விதை நெல்தான். அவர் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு சொன்னாராம்:

"குடி எங்கட குடிதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா கலியாணம் முடிச்சிக் குடுத்தாச்சி. ஆதம்பாவா மரைக்கார்ட வீட்டுச் சோத்தத் திண்டுக்கிட்டு, அவர்ட வளவுக்குள்ளதான் இந்தப் படிப்புப் படிக்கிறாரு. அவரும் மரைக்கார்தானே, இஞ்சதானே இரிக்காரு. அவரு கதைக்கட்டும்."

என் புருஷன் சொன்னார்: "அவரு என்ட மருமகன்தான். ஆனா என்ட குடி இல்ல. நான் எழும்பிக் கதைச்சா, மத்தக் குடிக்குள்ள கை போட்டன் எண்டு நாளைக்கு நீங்களே கதைப்பீங்க. வழக்கப்படி மீராலெவ்வை கதைக்கட்டும்."

இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, இரண்டு மரைக்கார் இருந்தும் ஒருவரும் எழும்பவில்லை. மருமகன் தானே எழும்பினாராம். "இரி வாத்தியார், அது முறை இல்ல" என்று இருத்திவிட்டார்கள். கதைக்க ஆள் இல்லாத வழக்கு ஒத்துக்கொண்ட வழக்கு என்பது பழைய கணக்கு. தீர்ப்பாகிவிட்டது. இனி அந்தப் படிப்பைத் தொடமாட்டேன், பரீட்சைக்கும் போகமாட்டேன் என்று பள்ளியின் மிம்பர் மேடைக்கு முன்னால் நின்று, பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் இருக்கிற வீட்டுக்கு ஊர் விலக்கு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒருவரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

அவர் இருக்கிற வீடு. அது யாருடைய வீடு? என் மகளுடைய வீடு.

என் புருஷன் வந்து சட்டையைக் கழற்ற முதல் நான் தொடங்கிவிட்டேன்.

"இஞ்சேருங்க, போன மாரியில கூரை ஒழுகக்குள்ள ஏறி மேஞ்சது ஆரு?"

"மருமகன்."

"ஒங்களுக்குக் காய்ச்சல் வரக்குள்ள கல்முனை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனது ஆரு?"

"அதுக்கென்ன இப்ப?"

"கூரை மேயக்குள்ள மருமகன், காய்ச்சலுக்கு மருமகன், கதைக்கிறத்துக்கு மட்டும் மத்தக் குடியா?"

"உனக்குப் பள்ளிச் சங்கதி விளங்காது புள்ள. நான் வழக்கத்த மீறினா நாளைக்கு என்ட சொல்லுக்கு என்ன மதிப்பு?"

"சொல்லாத சொல்லுக்கு என்ன மதிப்போ!" என்றேன். அவர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யக் கிணற்றடிக்குப் போய்விட்டார். என் புருஷன் கெட்ட மனிதர் அல்ல. அவர் மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். தராசு பிடிக்கிற கை எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து, ஒரு பிள்ளை விழுகிற நேரமும் தாங்குவதற்கு நீட்டாத கையாகிவிட்டது. அவ்வளவுதான்.

விலக்கு என்றால் என்ன என்று எங்களுக்கு முதலில் காட்டியது மருத்துவிச்சி ஆயிஷா உம்மா. நஸீறாவை அவள்தான் பார்த்து வந்தாள். நஸீறாவைப் பெற்றபோது என்னையும் அவள்தான் பார்த்தாள். ஒரு நாள் வேலிக் கடப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். உள்ளே வரவில்லை.

"நான் இனி வர ஏலாதுகா. வந்தா மத்த வீடுகளுக்கு என்னக் கூப்பிட மாட்டாங்க. எனக்கும் பிள்ளை குட்டி இரிக்கி." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வயிறு இறங்கி இரிக்கி. தலைப்பிள்ள. பாரம் தூக்க விடாத. இடுப்பு வலிச்சா… நான் என்னத்தச் சொல்ற!"

இதை மருமகன் முற்றத்தில் நின்று கேட்டார். அன்றைக்கு மாமரத்தைச் சுற்றவில்லை. புத்தகங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து கேட்டேன், முதல் தடவையாக.

"தௌபாவச் சொல்லிருங்களன் மகன். வாயால சொல்றதுதானே."

"தௌபா செஞ்ச பாவத்துக்குச் சொல்ற மாமி. மிம்பருக்கு முன்னால நிண்டு அல்லாஹ்வுக்கிட்ட நான் எந்தப் பாவத்தச் சொல்லி அழுற? இல்லாத பாவத்தச் சொன்னா அதுதான் பாவம்."

"அப்ப பரீட்சைக்குப் போகாம சும்மா இருங்க."

சும்மா இருந்தாலும் தௌபா சொல்லாதவரைக்கும் விலக்கு விலக்குத்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்த்தார். பள்ளிக்கூடம் போனார், வந்தார், தொழுதார், கிணற்றில் தண்ணீர் இறைத்தார். முகத்தைப் பார்க்க ஏலாது. ஒரு பின்னேரம் நஸீறா அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்:

"பேங்கு எப்படிக் காசு உண்டாக்கிற?"

மாமரத்தடியில் இருந்த அவர் ஓர் ஈர்க்கை எடுத்து இரண்டாக முறித்தார்.

"வட்டி ஏன் ஏறுது?"

"விடு நஸீறா."

"இதுக்கு மறுமொழி சொல்லாமப் போனா போன முறை மாதிரித் தவறிருவீங்க. நான் நெடுகக் கேட்டுக்கிட்டு இருப்பன். எனக்கு வேற கேள்வி தெரியாது."

அவர் எழும்பி நின்று மெதுவாக இங்கிலீஷில் தொடங்கினார். பிறகு நடந்தார். குரல் உயர்ந்தது. வேலிக்கு அப்பால் நாச்சியாவின் உரல் சத்தம் நின்றுவிட்டது. நஸீறா மீன் செதிலோடு இருந்த கையைக் கழுவாமல், முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தாள். அவர் தடுமாறவில்லை. அன்றைக்குத்தான் என் மகள் தன் மனதில் ஒன்றைத் தீர்மானித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவர் எழுத வேண்டும். பிள்ளையும் ஒழுங்காகப் பிறக்க வேண்டும். இரண்டும் நடக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் அவர் இருக்கக் கூடாது. அவள் வாயால் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் பரீட்சைவரைக்கும் தங்கச்சி றஹீமா வீட்டில் இருக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்த வீடு. அவர் நட்ட தென்னை அங்கே காய்க்கிறது. றஹீமா அழுதாளாம். அவளுடைய புருஷன் வாசலுக்கு வந்து, "மச்சான், நீங்க வந்து இருந்தா விலக்கு இஞ்ச வரும். எனக்கு உங்களோட கோவமில்ல" என்று சொன்னானாம். அவன் சொன்னதும் நியாயம்தான். அந்த ஊரில் எல்லாரும் நியாயம்தான் சொன்னார்கள். மருமகன் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இடமாற்றமும் கேட்டு எழுதினார். கொழும்புப் பக்கத்தில் எங்காவது ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தால் போதும் என்றார்.

"நஸீறாவக் கூட்டிக்கிட்டுப் போங்களன்" என்றேன்.

"இந்த வயித்தோட ரயிலிலயா மாமி? போய் எங்க இருக்கிற? எனக்கு வீடு எங்க இரிக்கி?"

பிறகு போகலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிறகு பிள்ளைக்கு நோய், பிறகு வெள்ளம், பிறகு என் புருஷனுக்குப் பாரிசவாதம். எங்கள் பெண்கள் தாயின் வளவை விட்டுப் போய்ப் பழகியவர்கள் அல்லர். அவர் திரும்பி வருவதற்குத் தௌபா கேட்டார்கள்; அவர் சொல்லவில்லை. நான் இப்போது அதற்குள் போகவில்லை. அவர் போன நாளைத்தான் சொல்ல வந்தேன்.

பெருநாள் அன்று எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. நஸீறா விடிய எழும்பிச் சுட்ட பலகாரம் பெட்டியோடு இருந்தது. மருமகன் பெருநாள் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்து, ஒரு துண்டு எடுத்துத் தின்று, "நல்லா இரிக்கி" என்றார். அடுத்த நாள் காலை புறப்பட்டார்.

உடுப்புப் பெட்டியை எடுக்கவில்லை. புத்தகத்தில் வேண்டியதை மட்டும் ஒரு துணிப் பையில் போட்டார். நஸீறா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவாள் என்று நான் பக்கத்தில் நின்றேன். அவள் அழவில்லை.

"கொழும்புத் தண்ணி சேராது. கொதிக்க வெச்சிக் குடிங்க" என்றாள்.

"ஓம்."

"பிள்ளைக்கு என்ன பேர் வெக்கிற?"

"நீ வை. உனக்குப் பிடிச்சத வை." பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "மாமி, நான் இஞ்ச இல்லையெண்டா விலக்கும் இல்ல. மாமாவ விட்டுப் பள்ளியில சொல்லச் சொல்லுங்க. இண்டைக்கே சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அந்த நேரம் என் புருஷன் பின்வீட்டில் இருந்து வந்தார். பள்ளிக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியும் வைத்திருந்தார். நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நில்லுங்க மருமகன் என்று ஒரு சொல். நான் கதைக்கிறேன், ஊர் என்ன செய்கிறதோ செய்யட்டும் என்று ஒரு சொல். அவருக்கும் அது தொண்டை வரைக்கும் வந்ததென்று சத்தியமாகச் சொல்வேன். தொப்பியைக் கழற்றினார், திரும்ப வைத்தார். மருமகனும் பையைத் தோளில் போடாமல், கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார்.

என் புருஷன் தெருவைப் பார்த்துவிட்டு, "பஸ் வாற நேரமாகுது" என்றார்.

"ஓம் மாமா. போயிட்டு வாறன்" என்று சொல்லி மருமகன் படியால் இறங்கினார். கடப்பைத் தாண்டினார். தெருவில் வேலிக்கு வேலி ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நிலத்தைப் பார்க்காமல், நிமிர்ந்து, பெரிய றோட்டுப் பக்கம் நடந்து போனார். என் புருஷன் அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போய், பள்ளிவாசலுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார்.

நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்ல முதல் ஆயிஷா உம்மா வந்துவிட்டாள். அவர் போன அதே வாசலால் உள்ளே வந்து, நஸீறாவைப் பாயில் படுக்க வைத்து, எண்ணெய் தொட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"பிள்ள நல்லா இரிக்கி மகள். ஒண்டுக்கும் பயப்படாத" என்றாள்.

நஸீறா ஓம் என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.